“ஊருக்கு ஒரு ஆள் எடுப்பார்களா?” – கட்டாய ராணுவ சேவை கேள்வி-பதில்

18 வயதான ஆண், பெண் எல்லோருக்கும் கட்டாய ராணுவ சேவை என்று மசோதா வந்துவிட்டதாக வாட்ஸ்அப்பில் வருகிறது. உண்மையா? (தொண்டி)

இந்த மாதம் இதே கேள்வி நான்காவது முறை. எந்த அவை, எந்த ஆண்டு, மசோதா எண் என்ன? ஒன்றுமே எழுதாமல் “உண்மையா” என்றால் எதைப் பார்த்துச் சொல்ல?

திட்டம், அரசாணை, மசோதா, சட்டம் நான்கும் வேறு வேறு. நீங்கள் பார்த்தது பெரும்பாலும் தனிநபர் மசோதாவாக இருக்கும். அமைச்சர் அல்லாத எந்த உறுப்பினரும் கொண்டுவரலாம். கட்டாயப் பயிற்சி கேட்டு இப்படி அவ்வப்போது வருவது வழக்கம். அறிமுகமானதும் தலைப்பைப் படமெடுத்து அனுப்பிவிடுகிறார்கள். விடுதலைக்குப் பின் சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தமே 14, கடைசியாக 1970இல். கட்டாய சேவைக்குக் கூடுதல் முட்டுக்கட்டையும் உண்டு. கோடிக்கணக்கானவர்களுக்குச் சோறு, சீருடை, சம்பளம் எல்லாம் இந்தியத் தொகுப்பு நிதியிலிருந்து போகவேண்டும். அப்படிச் செலவு வைக்கும் மசோதாவைக் குடியரசுத் தலைவரின் பரிந்துரை இல்லாமல் எந்த அவையும் நிறைவேற்ற முடியாது (அரசியல் சட்டம், 117(3)). பரிந்துரை என்றால் நடைமுறையில் அமைச்சரவையின் சம்மதம்.

அரசே கொண்டுவந்தாலும் இரண்டு அவை, ஒப்புதல், அரசிதழ், அமலுக்கு வரும் தேதி என்று எல்லாம் முடியவேண்டும். சட்ட எண்ணும் பிரிவு எண்ணும் இல்லாத செய்தியை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள்.

அப்படியானால் கட்டாய சேவை அரசியல் சட்டத்துக்கே விரோதமா? வந்தால் பெண்களையும் எடுப்பார்களா? (ராமேசுவரம்)

விரோதமில்லை. 23வது பிரிவு கட்டாய உழைப்பைத் தடுக்கிறது. அதன் (2)ஆம் உட்பிரிவு பொதுநோக்கத்துக்காக அரசு கட்டாய சேவை விதிக்கலாம் என்கிறது. மதம், இனம், சாதி, வர்க்கம் பார்த்து மட்டும் பிரிக்கக் கூடாது. அந்தப் பட்டியலில் பாலினம் இல்லை என்பதைக் கவனியுங்கள். 15வது பிரிவில் இருக்கிறது. ஆகவே ஆண்களை மட்டும் அழைப்பதா, இருபாலரையும் அழைப்பதா என்பதை நாடாளுமன்றம்தான் சட்டத்தில் எழுதவேண்டும். 14, 15ஐக் காட்டி வழக்கும் வரும். ராணுவச் சட்டம் 1950இன் 12வது பிரிவுப்படி, மத்திய அரசு அறிவிக்கை செய்த படைப்பிரிவுகளில் மட்டுமே பெண்கள் சேர முடியும். அதையும் கூடவே திருத்தவேண்டும்.

வெளிநாட்டிலும் இதே கதைதான். நார்வேயில் நாடாளுமன்றம் சட்டத்தை மாற்றி 2015 முதல் இருபாலருக்கும் ஆனது. அமெரிக்காவில் கட்டாய ராணுவ அழைப்புக்கான பதிவு ஆண்களுக்கு மட்டும். 1981இல் உச்ச நீதிமன்றம் அது காங்கிரசின் (அந்நாட்டு நாடாளுமன்றத்தின்) அதிகாரம் என்று ஒதுங்கிக்கொண்டது.

நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டுத் தடுக்க முடியுமா? (மண்டபம்)

முடியாது. பாதுகாப்பும் படைகளும் மத்தியப் பட்டியலில் முதல் இரண்டு பதிவுகள். தீர்மானம் கருத்து மட்டுமே.

பருந்து கடற்படை விமானத் தளத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறோம். போர் வந்தால் எங்கள் பையன்களைத்தான் முதலில் எடுப்பார்களா? (உச்சிப்புளி)

இல்லை. ஆள்சேர்ப்புச் சட்டம் எதுவும் தூரம் பார்ப்பதில்லை.

அக்னிவீர் மறைமுகக் கட்டாயம்தானே? பிடிக்கவில்லையென்றால் நடுவில் வந்துவிடலாமா? (சாயல்குடி)

கட்டாயமில்லை, கையெழுத்துப் போடும்வரை உங்கள் விருப்பம். போட்டபின் 4 ஆண்டு. விசேஷக் காரணம் இல்லாமல் நடுவில் விடமாட்டார்கள். சொல்லாமல் ஊர் திரும்பினால் ராணுவச் சட்டம் 38 (தப்பியோடுதல்) அல்லது 39 (அனுமதியின்றி வராமை) பாயும். முடித்தால் 11 லட்சத்துச் சொச்சம் கிடைக்கும். நிரந்தரம் அதிகபட்சம் 25 சதவீதத்தினருக்கு.

மகனுக்கு 14 வயது, சிங்கப்பூர் பிஆர் (நிரந்தரவாசி). என் உம்மா வீட்டில் விட்டுப் படிக்கவைக்கலாமா? அவன் வாப்பாவுக்கு ராணுவ அழைப்பு எதுவும் வந்ததில்லையே? (கீழக்கரை)

இன்று நடைமுறையிலேயே கட்டாயம் உள்ள ஒரே கடிதம் இதுதான், அதுவும் சிங்கப்பூர் சட்டப்படி. வேலை அடிப்படையில் முதல் தலைமுறையாக பிஆர் வாங்கிய வாப்பாவுக்கு விலக்கு. பெற்றோர் வழியாக பிஆர் ஆன மகனுக்கு இல்லை. பதினாறரை வயதில் பதிவு, 18 வாக்கில் அழைப்பு, 2 ஆண்டு முழுநேர சேவை. 13 வயது ஆனபின் 3 மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க எக்ஸிட் பர்மிட் (வெளியே போக அந்நாட்டு அனுமதி) வேண்டும். 2 ஆண்டோ அதற்கு மேலோ என்றால் வங்கி உத்தரவாதமும் கேட்பார்கள். முதலில் பர்மிட், பிறகு டிக்கெட். பலர் தலைகீழாகச் செய்துவிட்டு எழுதுகிறார்கள். மீறினால் 10,000 டாலர் வரை அபராதம், 3 ஆண்டு வரை சிறை. பிஆரைத் திருப்பிக் கொடுத்தால் தீர்ந்தது என்றும் நினைக்கவேண்டாம். பின்னாளில் அவன் அங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் பாதிக்கும்.

நான் அரசு எழுத்தர், வயது 34. எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லைதானே? (தேவிபட்டினம்)

பிராந்திய ராணுவச் சட்டம் 1948, 6ஏ பிரிவைப் படியுங்கள். 20 முதல் 40 வயதுக்குள் உள்ள அரசு ஊழியரையும் பொதுப் பயன்பாட்டுச் சேவை ஊழியரையும், தேவைப்பட்டால் விதிகளுக்கு உட்பட்டு அழைக்க அதில் இடமிருக்கிறது. வாட்ஸ்அப்பில் இதை யாரும் அனுப்புவதில்லை.

என்சிசியில் சேர்ந்தால் போருக்கு அனுப்புவார்களா? (பாம்பன்)

மாட்டார்கள்.