கேள்வி – பதில்: வாழைப்பழத்தில் கதிரியக்கமா?

கேள்வி: வாழைப்பழத்தில் கதிரியக்கம் இருப்பதாக வாட்ஸ்அப்பில் ஒரு காணொளி வந்தது. மூன்று வயதுப் பேரனுக்கு நாள்தோறும் ஒரு சிறுமலைப் பழம் கொடுத்துவருகிறேன். நிறுத்திவிட வேண்டுமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: நிறுத்த வேண்டாம், அம்மா. காணொளியில் சொல்லப்பட்ட செய்தி உண்மைதான். அதைக் கொண்டு மூட்டப்பட்ட அச்சம்தான் தவறு.

இயற்கையில் கிடைக்கும் பொட்டாசியம் அனைத்தின் அணுக்கருவிலும் 19 புரோட்டான்கள் உள்ளன. நியூட்ரான்களின் எண்ணிக்கை மட்டும் 20, 21, 22 என்று மாறுபடுவதால் பொட்டாசியம்-39, 40, 41 என்னும் மூன்று ஐசோடோப்புகள் உண்டாகின்றன. இவற்றுள் நிலைப்புத்தன்மை இல்லாமல், தானே சிதைந்து கதிர்வீசுவது பொட்டாசியம்-40 ஒன்றே. 10,000 பொட்டாசியம் அணுக்களில் ஏறத்தாழ ஒன்றுதான் இந்த வகை. அதன் அரை ஆயுட்காலமோ, அதாவது அந்த அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலமோ, சுமார் 125 கோடி ஆண்டுகள். ஆகவே ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்குச் சுமார் 30 அணுக்கருக்களே சிதைகின்றன. நடுத்தர அளவுள்ள வாழைப்பழம் ஒன்றில் 0.4 கிராம் பொட்டாசியம் இருப்பதாகக் கொண்டால், நொடிக்குப் பன்னிரண்டு சிதைவுகள் என்று கணக்கு வரும்.

பழமே உண்ணாதவர் உடலிலும் இது நடந்துகொண்டுதான் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஒருவரின் உடலில் சுமார் 140 கிராம் பொட்டாசியம் உண்டு. அதில் நொடிக்கு நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அணுக்கருக்கள் சிதைகின்றன. இதனால் ஓராண்டில் உடல் ஏற்கும் கதிர்வீச்சு ஏறக்குறைய 0.17 மில்லிசீவர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண், காற்று, விண்வெளி, உணவு என எல்லா இயற்கை மூலங்களிலிருந்தும் மனிதர் பெறும் உலகச் சராசரியான 2.4 மில்லிசீவர்ட்டில் இது சிறு பகுதியே. மேலும், வேதிவினைகளைத் தீர்மானிப்பவை எலெக்ட்ரான்கள் என்பதால் உடலுக்குப் பொட்டாசியம்-39, பொட்டாசியம்-40 என்ற பேதம் தெரியாது. தேவைக்கு மேற்பட்ட பொட்டாசியம் எந்த ஐசோடோப்பாக இருந்தாலும் சிறுநீரகம் அதை வெளியேற்றிவிடுகிறது. பழம் கூடினாலும் கதிரியக்கம் உடலில் சேர்ந்துகொண்டே போகாததற்கு இதுவே காரணம்.

அந்தக் காணொளி எச்சரித்திருக்க வேண்டியது வேறொரு தரப்பினரை. சிறுநீரகம் பழுதுபட்டவர்களின் இரத்தத்தில் பொட்டாசியம் மிகுந்தால் இதயத் துடிப்பின் சீர் குலையும். உயிருக்கே ஆபத்து நேரலாம். அவர்கள் வாழைப்பழம், இளநீர் ஆகியவற்றையும், சோடியம் குறைந்தது என்று விற்கப்படும் பொட்டாசியம் குளோரைடு கலந்த உப்பையும் மருத்துவரைக் கேட்காமல் தொடக்கூடாது. இந்த ஆபத்துக்கும் கதிரியக்கத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

கேள்வி: காற்றில் நைட்ரஜன், ஆக்சிஜனுக்கு அடுத்தபடியாக ஆர்கான் 0.93 விழுக்காடு இருப்பதாக மகளின் பாடநூலில் படித்தேன். எதனோடும் வினைபுரியாத வாயு இவ்வளவு எங்கிருந்து வந்தது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: முதல் கேள்வியின் தொடர்ச்சியாகவே இதையும் கொள்ளலாம். சிதையும் பொட்டாசியம்-40 அணுக்களில் 100-க்குச் சுமார் 89, பீட்டா துகளை (வேகமாகப் பாயும் எலெக்ட்ரானை) உமிழ்ந்து கால்சியம்-40 ஆகின்றன. எஞ்சியவற்றில் அணுக்கரு தன்னைச் சூழ்ந்துள்ள எலெக்ட்ரான்களில் ஒன்றைத் தனக்குள் இழுத்துக்கொள்ள, ஒரு புரோட்டான் நியூட்ரானாக மாறி, ஆர்கான்-40 பிறக்கிறது. பூமியின் பாறைகளில் இவ்வாறு பிறந்த ஆர்கான், எரிமலைகள் வழியாகவும் பாறைகள் சிதைவுறும்போதும் கசிந்து, கோடிக்கணக்கான ஆண்டுகளாக வளிமண்டலத்தில் சேர்ந்துவந்திருக்கிறது. ஹீலியத்தைப் போல விண்வெளிக்குத் தப்பிச்செல்ல அது இலேசானதும் அன்று. ஆக்சிஜனைப் போலப் பிறவற்றோடு சேர்ந்து மறைவதும் இல்லை. இன்று காற்றிலுள்ள ஆர்கானில் 99 விழுக்காட்டுக்கும் மேல் இந்த ஆர்கான்-40 தான்.

காற்றில் கரியமில வாயுவைவிட இருபது மடங்குக்கும் மேலாக இருந்தும், இது 1894 வரை கண்டறியப்படாமலே இருந்தது. காற்றிலிருந்து பிரித்த நைட்ரஜன், வேதிமுறையில் தயாரித்த நைட்ரஜனைவிட ஏறத்தாழ அரை விழுக்காடு கனமாக இருப்பதை ஆங்கிலேய இயற்பியலாளர் ராலே கண்டார். அளவீட்டுப் பிழை என்று ஒதுக்கிவிடக்கூடிய அந்தச் சிறு வேறுபாட்டை அவர் விடாமல் பற்றிக்கொண்டதை எண்ணும்போதெல்லாம் எனக்கு வியப்பு மேலிடுகிறது. வேதியியலாளர் ராம்சே, சூடேற்றிய மக்னீசியத்தின் மீது காற்றின் நைட்ரஜனைத் திரும்பத் திரும்பச் செலுத்தி, நைட்ரஜன் முழுவதையும் அகற்றியபோது, எதனோடும் சேராத வாயு ஒன்று மிஞ்சியது. செயலற்றது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அதற்கு ஆர்கான் என்று பெயரிட்டார்கள்.

கேள்வி: அணு உலை விபத்து நேர்ந்தால் அயோடின் கலந்த உப்பைக் கூடுதலாகச் சாப்பிட்டால் போதுமா?
– வாசகர், வள்ளியூர்

பதில்: போதாது. விபத்தில் வெளிப்படும் கதிரியக்க அயோடின்-131 தைராய்டு சுரப்பியில் சேராதிருக்க, அந்தச் சுரப்பியை முன்கூட்டியே சாதாரண அயோடினால் நிரப்புவதுதான் அத்தகைய வேளையில் தரப்படும் அயோடின் மாத்திரையின் நோக்கம். பெரியவர்களுக்கான 130 மில்லிகிராம் பொட்டாசியம் அயோடைடு மாத்திரையில் சுமார் 100 மில்லிகிராம் அயோடின் உண்டு. கிலோவுக்கு 15 மில்லிகிராம் அயோடின் உள்ள உப்பில் அந்த அளவைப் பெற ஆறு கிலோவுக்கும் மேல் உண்ண வேண்டியிருக்கும். அவ்வளவு உப்பு உயிரைக் குடித்துவிடும். 2011-இல் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் சீனாவில் மக்கள் உப்பை வாங்கிக் குவித்தது வீண் அலைச்சல்தான்.

மாத்திரையையும் அரசு அறிவிக்கும் நேரத்தில்தான் உட்கொள்ள வேண்டும். அது தைராய்டை மட்டுமே காக்கும். அதே விபத்தில் வெளியாகும் மற்றொரு கதிரியக்கப் பொருளான சீசியம்-137, தனிம அட்டவணையில் பொட்டாசியம் இருக்கும் அதே தொகுதியைச் சேர்ந்தது என்பதால், உடல் அதைப் பொட்டாசியத்தைப் போலவே ஏற்றுத் தசைகளில் சேர்க்கிறது. அதனிடம் அயோடின் மாத்திரை பயன்படாது. 1987-இல் பிரேசிலின் கோயானியா நகரில் சீசியத்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிரஷ்யன் நீலம் என்னும் நிறமியை உண்ணக் கொடுத்தார்கள். குடலில் அது சீசியத்தைப் பிடித்துக்கொண்டு மலத்தோடு வெளியேறியது.