வீட்டு ஒயரிங்: கேட்டவையும் சொன்னவையும்

230 வோல்ட் வரும் வீடுகளை மனதில் வைத்துத்தான் பதில் சொல்கிறேன். மெயினை அணைக்காமல் வேலை பார்ப்பது எப்படி என்று கேட்பவர்களுக்குப் பதில் கிடையாது.

கேள்வி: சுவிட்சை அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு மங்கலாக எரிகிறதே?

பதில்: முதல் சந்தேகம், சுவிட்சை நியூட்ரலில் (கரண்ட் திரும்பிப் போகும் ஒயரில்) போட்டிருப்பார்கள். அப்படியென்றால் அணைத்த பிறகும் ஹோல்டரில் பேஸ் (கரண்ட் வரும் ஒயர்) நிற்கும். பல்பு மாற்றும்போது கை பட்டால் தெரிந்துவிடும். முதலில் அதைச் சரி செய்யுங்கள். பேஸ் சுவிட்ச் வழியாகத்தான் போகிறது என்றால், சுவிட்சில் குட்டி இண்டிகேட்டர் இருக்கிறதா பாருங்கள். அதன் வழியே கசிகிற துளி கரண்டே எல்.இ.டி.க்குப் போதும். அதனால் ஆபத்தில்லை.

கேள்வி: விளக்கு லைனில் கீசர் போட்டால் 6 ஆம்பியர் எம்.சி.பி. (கரண்ட் அளவு மீறினால் தானே அணையும் சுவிட்ச்) விழுகிறது. 16 ஆம்பியர் மாட்டலாமா?

பதில்: கீசரின் 2000 வாட்டை 230ஆல் வகுத்தால் 8.7 ஆம்பியர். விழத்தான் வேண்டும். எம்.சி.பி. காப்பாற்றுவது கீசரையும் இல்லை, உங்களையும் இல்லை. சுவருக்குள் கிடக்கும் ஒயரை. அந்த லைன் 1 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயராக இருந்து, நீங்கள் 16 மாட்டினால், லோடு ஏறும்போது ஒயர் சூடேறி இளகலாம். எம்.சி.பி. வேடிக்கை பார்க்கும். கீசருக்கு போர்டிலிருந்து தனியாக இரண்டரை ஸ்கொயர் செம்பு ஒயர் இழுத்து, அதற்கு 16 போடுங்கள்.

கேள்வி: பழைய வீடு, சாக்கெட்டுக்கு எர்த் ஒயரே வரவில்லை. எர்த் முனையையும் நியூட்ரலையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிட்டேன். இஸ்திரிப்பெட்டியில் சுள்ளென்று அடித்தது நின்றுவிட்டது. சரிதானே?

பதில்: இன்றைக்கே பிடுங்கிப் போடுங்கள். நியூட்ரல் ஒயர் எங்காவது விட்டுப்போனால் என்ன ஆகும்? பேஸ், பெட்டியின் காயில் வழியாக நியூட்ரல் முனைக்கு வரும். அங்கிருந்து உங்கள் துண்டு ஒயர் வழியாகப் பெட்டியின் உடம்புக்கு ஏறும். பெட்டி சூடாகாது. ஏன் என்று பார்க்க நீங்களே கையில் எடுப்பீர்கள். உங்கள் வழியாகத் தரைக்குப் போவது ஒரு ஆம்பியர்கூட இருக்காது என்பதால் எம்.சி.பி. அசையாது. ஆளைக் கொல்ல அதில் ஒரு சிறு பங்கு போதும்.

இன்னொருவர்: பயமுறுத்தாதீர்கள். டிரான்ஸ்பார்மரில் நியூட்ரலும் எர்த்தும் சேர்ந்தேதான் இருக்கின்றன. அதையே சாக்கெட்டில் செய்தால் என்ன?

பதில்: சேர்ந்திருப்பது உண்மை. சில முறைகளில் வீட்டுக்குள் லைன் நுழையும் இடத்திலும் சேர்த்திருப்பார்கள். அதற்கு இப்பால் இரண்டும் தனித்தனி. நியூட்ரல் எப்போதும் கரண்டைச் சுமக்கிறது. எர்த்தோ, கோளாறு வரும் நாளில் மட்டும். சாக்கெட்டில் சேர்த்தால் அந்தக் காவலாளியையே கூலி வேலைக்கு அனுப்புகிறீர்கள். அப்புறம், யாராவது போர்டில் பேஸையும் நியூட்ரலையும் மாற்றி மாட்டிவிட்டால் நியூட்ரல் விட்டுப்போகக்கூட வேண்டாம். பெட்டியின் உடம்பிலேயே நேராக 230 வோல்ட்.

அவரே: என் வீட்டில் நியூட்ரல் விட்டுப்போகாது. நானே முறுக்கியது.

பதில்: நான் கழற்றிய ஒரு சாக்கெட்டைச் சொல்கிறேன். ஓட்டையில் நுழையவில்லை என்று ஒயரின் பிசிறுகளில் பாதியை வெட்டியிருந்தார்கள். ஸ்குரூ செம்பின் மேல் இல்லை, இன்சுலேஷனைக் கடித்துக்கொண்டு நின்றது. அந்த இடத்தில் 0.1 ஓம் தடை இருந்தாலே, 10 ஆம்பியர் ஓடும்போது 10 வாட் சூடு, மிளகளவு இடத்தில். பிளாஸ்டிக் பழுப்பேறி, இழுத்ததும் நியூட்ரல் கையோடு வந்தது. அதையும் யாரோ முறுக்கித்தான் இருப்பார்கள்.

வேறொருவர்: அப்போது தோட்டத்தில் தனியாக ஒரு கம்பியை அடித்து எர்த் எடுத்துவிட்டால்?

பதில்: நல்ல கேள்வி. கம்பிக்கும் மண்ணுக்கும் 10 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் பெட்டியின் உடம்பில் பட்டால் அதிகபட்சம் 23 ஆம்பியர்தான் ஓடும். 16 ஆம்பியர் எம்.சி.பி. அதற்கு உடனே விழாது, நிமிடக்கணக்கில் யோசிக்கும், விழாமலேகூட இருக்கலாம். அதனால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் தனிக் கம்பியை மட்டும் நம்பக்கூடாது. இஸ்திரிப்பெட்டி சுள்ளென்று அடித்ததே, அது கசிவு. அதையும் பழுது பாருங்கள்.

கேள்வி: ஆர்.சி.சி.பி. மாட்டியதிலிருந்து ஒரு விளக்கைப் போட்டாலே விழுகிறது. பழுதா?

பதில்: பெரும்பாலும் இரவல் நியூட்ரல். பேஸ் இந்த ஆர்.சி.சி.பி. வழியாகப் போய், நியூட்ரல் வேறு சர்க்யூட் வழியாகத் திரும்பினால் அது கசிவு என்றே எடுத்துக்கொள்ளும். இரண்டு நியூட்ரலும் எந்த ஜங்ஷன் பெட்டியில் கலக்கின்றன என்று தேடுங்கள்.

கேள்வி: ஏ.சி. போட்டால் எம்.சி.பி. விழுகிறது, பெரிது மாட்டலாமா?

பதில்: முதலில் ஒயரின் அளவு. மேலே கீசருக்குச் சொன்னதுதான்.

கேள்வி: மிக்சிக்கு...

பதில்: மேலே.

கேள்வி: டெஸ்டர் எரியவில்லை. தொடலாமா?

பதில்: கூடாது. ரப்பர் செருப்போடு மர ஏணியில் நின்றால் பேஸ் இருந்தும் டெஸ்டர் சரியாக எரியாது. மெயினை அணையுங்கள். அணைக்கும் முன் கரண்ட் இருக்கும் பாயின்ட்டில் மீட்டரை வைத்து அது வேலை செய்கிறதா பாருங்கள். அணைத்த பிறகு வேலை செய்யும் இடத்தில் வையுங்கள். முடிந்தால் கரண்ட் இருக்கும் வேறு பாயின்ட்டில் மீட்டரை இன்னொரு முறை சோதியுங்கள். இதை மூன்றாவது முறையாகத் தட்டச்சு செய்கிறேன்.

துண்டு ஒயர்க்காரர்: பிடுங்கிவிட்டேன். இஸ்திரிப்பெட்டி மறுபடி அடிக்கிறது.

பதில்: பிளக்கைக் கழற்றி வையுங்கள். பெட்டியின் ஒயர் உள்ளே நுழையும் இடத்தில் ரப்பர் வெடித்திருக்கிறதா பாருங்கள்.