பெர்மிட், எடை, அளவு: லாரிக்காரர்கள் கேட்டவை

நாமக்கல்லில் 27 வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். முதலில் ஸ்டியரிங் பிடித்தேன், பிறகு சொந்த வண்டி வைத்தேன், இப்போது ஓடிசி லோடுகளுக்கு, அதாவது சட்ட அளவைத் தாண்டிய பெரிய சரக்குகளுக்கு, அனுமதி வாங்கிக் கூடவே போய் இறக்கிவிட்டு வருகிறேன். வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

அண்ணே, வெளி மாநிலங்களுக்கும் சரக்கு ஏற்றிப் போகும் நேஷனல் பெர்மிட் வண்டி. புனேயில் இறக்கிவிட்டு நாக்பூருக்கு லோடு கிடைக்கிறது. ஏற்றலாமா? (சங்ககிரி, பத்து சக்கரம்)

ஏற்றாதீர்கள் தம்பி. இரண்டு ஊரும் மகாராஷ்டிரத்துக்குள் இருக்கின்றன. வெளி மாநிலத்தில் ஓர் ஊரில் ஏற்றி அதே மாநிலத்தின் இன்னோர் ஊரில் இறக்க நேஷனல் பெர்மிட் இடம் தராது. அதே புனேயிலிருந்து ராய்ப்பூருக்கு என்றால் தாராளமாக ஏற்றலாம். "எல்லா வண்டியும் போகுதுங்க" என்று புக்கிங் ஆபீஸில் சொல்வார்கள். வழியில் அடிபட்டால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவது பெர்மிட்டைத்தான். அப்போது புக்கிங் ஆபீஸ் போனை எடுக்காது.

நேஷனல் பெர்மிட்டுக்கு வருடா வருடம் எவ்வளவு கட்ட வேண்டும்? (கரூர்)

பெர்மிட் ஐந்து வருடத்துக்கு, வெளி மாநிலத்தில் ஓட்டத் தரும் அங்கீகாரம் ஒரு வருடத்துக்கு. எல்லா மாநிலத்துக்கும் சேர்த்துக் கட்டும் கூட்டுக் கட்டணம் 16,500, அங்கீகாரத்துக்கு 1,000 ரூபாய். ஆறு சக்கர வண்டிக்கு 12 வயது தாண்டினால் நேஷனல் பெர்மிட் கிடையாது. இரண்டுக்கு மேல் ஆக்சில் (சக்கர அச்சு) உள்ள மல்டி ஆக்சில் வண்டிக்கு 15.

டாடா ஏஸ் வாங்கியிருக்கிறேன். பெர்மிட் எடுக்கணுமா? (பெருந்துறை)

வேண்டாம். சரக்கோடு சேர்ந்த மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்குச் சட்டமே விலக்கு தந்திருக்கிறது. எஃப்சியும் (வண்டியின் தகுதிச் சான்று) இன்சூரன்சும் கட்டாயம். கார் லைசென்ஸ் போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். 7,500 கிலோ வரையுள்ள வண்டிகளுக்குப் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

சரக்கு கொடுக்கும் பார்ட்டி எப்போதும் இரண்டு டன் கூட ஏற்றச் சொல்கிறார். மாட்டினால் எவ்வளவு ஆகும்? (திருச்செங்கோடு)

20,000 ரூபாய், அதற்கு மேல் கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000. உங்கள் கணக்கில் 24,000. கூடுதல் சரக்கை இறக்கினால்தான் வண்டி நகரும், இறக்கும் கூலியும் உங்கள் தலையில். எடைமேடைக்கு வர மறுத்தால் 40,000. 2018இல் சரக்கோடு சேர்ந்த மொத்த எடை வரம்பை இரண்டு ஆக்சிலுக்கு 16.2லிருந்து 18.5 டன், மூன்று ஆக்சிலுக்கு 25லிருந்து 28.5 டன் என்று உயர்த்தினார்கள். அதை நம்பிப் பழைய வண்டியில் ஏற்றிவிடாதீர்கள். ஆர்சி புத்தகத்தில் என்ன எடை இருக்கிறதோ அதுதான் உங்கள் வரம்பு. அந்த இரண்டு டன்னுக்கு பார்ட்டி தரும் வாடகை எவ்வளவு என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள்.

கம்பி லோடு நாலடி வெளியே நீட்டுகிறது. சிவப்புத் துணி கட்டினால் போதுமா? (சேலம்)

போதாது ஐயா. பின்னால் ஒரு மீட்டர் வரை நீட்டலாம் என்றிருந்த சலுகையை 2014இல் எடுத்துவிட்டார்கள். இப்போது நீட்டினால் 20,000 ரூபாய். பணத்தை விடுங்கள். தொப்பூர் இறக்கத்தில் இரவு நேரம், முன்னால் போகும் வண்டி பிரேக் போடுகிறது. பின்னால் பைக்கில் வருகிறவனுக்குத் துணி தெரியாது, கம்பி முனையும் தெரியாது. நீளமான டிரெய்லர் பேசுங்கள், இல்லை கம்பியை வளைத்து ஏற்றச் சொல்லுங்கள்.

மூன்றரை மீட்டர் அகல டிரான்ஸ்பார்மர், ஆந்திராவுக்குப் போகணும். எங்கே தொடங்குவது? (ராணிப்பேட்டை)

டேப்பை எடுத்துக்கொண்டு சரக்கின் பக்கத்தில் போய்த் தொடங்குங்கள். வரைபடத்து அளவை நம்பாதீர்கள், அதில் கொக்கியும் மரக்கட்டையும் இருக்காது. அகலம் 2.6 மீட்டர், உயரம் சாதாரணச் சரக்கு வண்டிக்கு 4 மீட்டர். இதைத் தாண்டினால் ஓடிசி. பிரித்து ஏற்ற முடியாத சரக்கு என்றால்தான் அனுமதி கிடைக்கும்.

ஒரே தாளில் எல்லாம் முடியாது. அளவு விலக்குக்கு அந்தந்த மாநிலப் போக்குவரத்துத் துறை. எடையும் கூடுதல் என்றால் தேசிய நெடுஞ்சாலைப் பாலங்களுக்கு மத்திய அமைச்சகம், மாநிலச் சாலைக்கு மாநில நெடுஞ்சாலைத் துறை. ஆந்திர எல்லையில் தமிழ்நாட்டுத் தாளை நீட்டிப் பயனில்லை. தாளில் இழுவை வண்டியின் எண்ணும் டிரெய்லர் எண்ணும் இருக்கும். வழியில் இஞ்சின் படுத்துவிட்டது என்று வேறு இழுவையை மாட்டினால் அந்தத் தாள் அதற்குச் செல்லாது.

பாலத்தில் சொன்ன வேகத்தை மீறாதீர்கள். சாலை, பாலங்களுக்கு விதி வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் அமைப்பின் விதியில் 385 டன் சிறப்பு வாகனத்துக்குக் கணக்குப் போடும்போதே, அது பாலத்தில் தனியாக, நடுக்கோட்டிலிருந்து 300 மில்லிமீட்டருக்குள், மணிக்கு 5 கிலோமீட்டருக்கும் குறைவாகப் போகும் என்று வைத்துத்தான் போடுகிறார்கள். எதிரே ஒரு பஸ்ஸை விட்டாலே அந்தக் கணக்கு கெட்டுவிடும். நாங்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்திவிட்டு, டயரோடு டயராக நடந்தே கடப்போம். இணைப்பு இரும்பில் ஒவ்வொரு ஆக்சிலும் ஏறி இறங்கும் சத்தத்தை எண்ணிக்கொண்டே வருவேன்.

உயரத்துக்கு ஒரு அனுபவம். ஒரு ரயில்வே கீழ்ப்பாலத்தில் 5 மீட்டர் என்று பலகை. எங்கள் லோடு 4.9. மனசு கேட்காமல் இறங்கி மூங்கில் கழியை நிறுத்தி அளந்தேன், 4.85தான் இருந்தது. புதுத் தார் போட்டவர்கள் பலகையை மாற்றவில்லை. இரண்டு கிலோமீட்டர் ரிவர்ஸ் எடுக்க விடிந்துவிட்டது. அதிலிருந்து லோடு கிளம்பும் முன்பே காரில் முழு ரூட்டும் போய், பாலம், மின்கம்பி, டோல்கேட் லேன் எல்லாவற்றையும் கழியால் அளந்துவிடுகிறேன். நீங்களும் அளந்த பிறகு வாடகை பேசுங்கள்.

ஆவணமெல்லாம் செல்போனில் இருந்தால் போதுமா? (தூத்துக்குடி, டிரைவர்)

ஆர்சி, இன்சூரன்ஸ், பெர்மிட் எல்லாம் அரசின் செயலிகளான டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டலாம், செல்லும். ஓடிசி அனுமதியை மட்டும் மூன்று பிரதி அச்செடுத்து, ஒன்றை முன்னால் வழிகாட்டிப் போகும் பைலட் வண்டியில் கொடுத்துவையுங்கள். ராத்திரி இரண்டு மணிக்குப் பாலத்தடியில் சிக்னல் இருக்காது தம்பி.