சோப்பு போட்டா எண்ணெய் கரையுமா? டீச்சரிடம் கேளுங்கள்

(பதில் சொல்பவர் மண்டபத்துக்காரர், கடல் நுண்ணுயிர்ப் பாடம் நடத்துகிறவர்.)

பாம்பன், படகு டிரைவர்: டீச்சர், எஞ்சினுக்கு அடியில தேங்குற டீசல் தண்ணியில சோப்புத்தூள் கலக்கி கடல்ல இறைச்சு விடுறோம். படலமே தெரியல. நல்லதுதானே?

படலம்தான் போச்சு தம்பி, டீசல் போகல. ஒரு பாட்டில்ல கடல் தண்ணி, நாலு சொட்டு டீசல், ஒரு சிட்டிகை சோப்புத்தூள் போட்டுக் குலுக்கிப் பாருங்க. பால் மாதிரி வெளுக்கும். டீசல் பொடித்துளியா உடைஞ்சு தண்ணிக்குள்ள எறங்கிருச்சு. கப்பல் எண்ணெய் மேல தெளிக்கிற சிதறல் மருந்துக்கும் இதே வேலைதான். மேல மிதந்ததை மீன் செவுளுக்கு அனுப்பி வச்சிருக்கீங்க.

ராமநாதபுரம், கல்லூரி மாணவி: துளி சிறுத்தா பாக்டீரியா சீக்கிரம் தின்னுடாதா?

பாடப்புத்தகக் கணக்கு அதுதான். துளி சிறுத்தா பரப்பு கூடும், கிருமிக்கு வாய் வைக்க இடம் கிடைக்கும். 2010ல மெக்சிகோ வளைகுடாவுல எண்ணெய்க் கிணறு வெடிச்சு 87 நாள் கொட்டுச்சு. கிட்டத்தட்ட 70 லட்சம் லிட்டர் மருந்து அடிச்சாங்க. அதுல ஒரு பங்கு 1,500 மீட்டர் ஆழத்துல, கிணத்து வாயிலேயே. ஆனா 2015ல வந்த ஓர் ஆய்வுல, மருந்து சேர்த்த தண்ணியில கோல்வெல்லியாங்கிற பாக்டீரியா பெருகுச்சு. எண்ணெய் தின்பதுல கெட்டிக்காரனான மரினோபாக்டர்ங்கிற பாக்டீரியா அடங்கிப் போச்சு. சிதைவு வேகமாகல. எண்ணெயை ரொம்ப நீர்க்க வச்சுச் செஞ்ச வேற ஆய்வகங்கள் வேகம் கூடுச்சுன்னாங்க. குடுவையில எவ்வளவு எண்ணெய் ஊத்துறோம்ங்கிறதுலதான் பாதி சண்டை இருக்குன்னு நான் நினைக்கிறேன். இதுல வேடிக்கை, ஆல்கனிவோராக்ஸ்னு ஒரு கிருமி தனக்கு வேண்டிய சோப்பைத் தானே சுரந்துக்கும்!

சின்னப்பாலம், பாசி எடுப்பவர்: நம்ம பக்கம் கப்பல் எண்ணெய் கொட்டுனா மருந்து அடிப்பாங்களா டீச்சர்?

அடிக்க விடக்கூடாதுக்கா. துளி பரவி நீர்த்துப் போக ஆழம் வேணும். நீங்க இடுப்பளவுத் தண்ணியில நிக்குற எடத்துல ஏது ஆழம்? அத்தனையும் குருசடைத் தீவுப் பக்கத்துப் பவளப் பார் மேலயும் கடல்பசு மேயுற கடல்புல்லு மேலயும் படியும். 2017ல எண்ணூர்ல கொட்டுன எண்ணெயை வாளி வச்சு அள்ளுனாங்க, ஊரே சிரிச்சுச்சு. நம்ம கடலுக்கு நானும் அள்ளுறதைத்தான் சொல்வேன். ஆனா கையுறை இல்லாம தொடாதீங்க.

தொண்டி, மாணவர்: உரம் போட்டா கிருமி பெருகுமா?

பெருகும். தழைச்சத்தும் மணிச்சத்தும் இல்லாம எண்ணெயை மட்டும் தின்னு அதுக வளராது. 1989 எண்ணெய்க் கப்பல் விபத்துக்கப்புறம் அலாஸ்காவுல கரைக்கல்லு மேல போட்டாங்க, பலன் இருந்துச்சு. நடுக்கடல்ல போட்டா அலையோட போயிரும்.