மைத்துனர் ஓட்டும் கார்: விபத்து நடந்தால் யார் பொறுப்பு?

கேள்வி: என் பெயரில் உள்ள காரை மைத்துனர் அடிக்கடி எடுத்துச் செல்கிறார். காம்ப்ரிஹென்சிவ் பாலிசி (பிறருக்கு ஏற்படும் பாதிப்பு, சொந்தக் காரின் சேதம் இரண்டுக்கும் சேர்த்த பாலிசி) இருக்கிறது. அவர் ஓட்டும்போது விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா? நஷ்ட ஈட்டை நான் கட்ட வேண்டி வருமா?

பதில்: அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால், கிடைக்கும். நம் நாட்டில் மோட்டார் பாலிசி வண்டிக்குத்தான். உங்கள் அனுமதியோடு யார் ஓட்டினாலும் அது செல்லும். பாதிக்கப்பட்டவர் மோட்டார் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போனால் ஓட்டியவர், உரிமையாளர், இன்ஷூரன்ஸ் நிறுவனம் என மூவரையும் எதிர்மனுதாரர்களாகச் சேர்ப்பார்கள். ஆகவே உங்கள் பெயர் வழக்கில் வந்தே தீரும். உயிரிழப்பு, காயத்துக்கான இழப்பீட்டுக்கு உச்சவரம்பு இல்லை, நிறுவனமே கட்டும். பிறர் சொத்துக்கு ஏற்படும் சேதத்துக்கு மட்டும் 7.5 லட்சம் ரூபாய் வரை. அதற்கு மேல் போனால் உங்கள் பாடு.

லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே சாவி கொடுத்திருந்தால் நிலைமை தலைகீழ். பாதிக்கப்பட்டவருக்கு முதலில் பணம் கொடுக்கச் சொல்லி, அதை உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நிறுவனத்துக்கு நீதிமன்றம் உரிமை தரலாம். ஸ்வரன் சிங் வழக்கில் 2004-ல் உச்ச நீதிமன்றம் விளக்கிய நடைமுறை இது. சொந்தக் காரின் சேதத்துக்கும் கிளெய்ம் கிடைக்காது. ஆகவே மைத்துனரின் லைசென்ஸை ஒருமுறை வாங்கிப் பாருங்கள்: காலாவதி தேதி என்ன, கார் ஓட்டும் பிரிவு அதில் இருக்கிறதா? உறவுக்காரரிடம் கேட்கச் சங்கடமாகத்தான் இருக்கும். இருந்தாலும் கேளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றுதான் எனக்குப் பெரிய கவலை. மைத்துனருக்கே ஏதாவது ஆகிவிட்டால்? உங்கள் பாலிசியில் உள்ள 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, ஆர்.சி.யில் பெயர் உள்ள உரிமையாளருக்கு மட்டும். இரவல் வாங்கி ஓட்டுபவர் உரிமையாளரின் இடத்தில் இருப்பவர், அவரை மூன்றாம் நபராக (பாலிசியில் இழப்பீடு கேட்கக்கூடிய வெளியாளாக) கருத முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2009-லும் 2020-லும் சொல்லியிருக்கிறது. எதிரில் வந்த வண்டியின் மேல் தப்பு என்றால் அந்த வண்டியின் இன்ஷூரன்ஸில் கேட்கலாம். தானே சென்டர் மீடியனில் மோதிவிட்டால் அவர் குடும்பத்துக்கு உங்கள் பாலிசியில் கேட்க வழி இருக்காது. அவர் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீட்டு பாலிசி இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். இல்லையென்றால் எடுக்கச் சொல்லுங்கள். கிடைக்கும் பாதுகாப்போடு ஒப்பிட்டால் பிரீமியம் சொற்பம்.

பம்பர் நசுங்கியது போன்ற சின்னச் சேதத்துக்கு அவசரப்பட்டு கிளெய்ம் போட வேண்டாம். ஓட்டியது அவராக இருந்தாலும் போவது உங்கள் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத ஆண்டுகளுக்குக் கிடைக்கும் பிரீமியம் தள்ளுபடி. 50 சதவிகிதம் வரை சேர்த்து வைத்திருந்தால் அடுத்த ஆண்டு ஓன் டேமேஜ் (சொந்தக் காரின் சேதத்துக்கான) பிரீமியம் கணிசமாக ஏறும். ரிப்பேர் செலவையும் இதையும் கூட்டிக் கழித்துப் பார்த்து, யார் கட்டுவது என்று இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.

விபத்து நடந்த பதற்றத்தில், ‘வண்டி உன் பேரில்தானே, நீ ஓட்டினதா சொல்லிடு’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் யோசனை சொல்வார்கள். கேட்காதீர்கள். கிளெய்ம் படிவத்தில் ஓட்டியவர் பெயருக்கும் லைசென்ஸ் எண்ணுக்கும் தனி இடம் இருக்கிறது. அதில் எழுதுவதும் எஃப்.ஐ.ஆரில் இருப்பதும் சேதத்தை மதிப்பிடும் சர்வேயரின் விசாரணையில் தெரிவதும் ஒத்துப்போகவில்லை என்றால், நியாயமாகக் கிடைக்க வேண்டிய கிளெய்மும் பொய்த் தகவல் என்ற காரணத்தால் நிராகரிக்கப்படும்.