என் மகள் ஓபரா சொப்ரானோ ஆக விரும்புகிறாள். கோலாலம்பூரிலிருந்து அது சாத்தியமா?

சாத்தியம்தான். மகள் படிவம் 3-ல் படிக்கிறாள், சிறு வயதிலிருந்தே பிரிக்ஃபீல்ட்ஸில் கர்நாடக சங்கீதம் கற்கிறாள், அவள் குரல் தேறுமா என்று கேட்டிருக்கிறீர்கள். 15 வயதுக் குரலைக் கேட்டு அதை யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. சொப்ரானோ, அதாவது பெண்குரல்களில் மிக உயர்ந்த வகை, ஒரு நிலைக்கு வரவே இருபதுகளின் நடுப்பகுதி ஆகிவிடும். குரலுக்கு அவசரம் இல்லை. மொழிக்கும் இசைக்குறிப்பு வாசிப்புக்கும்தான் இப்போதே நேரம் ஒதுக்க வேண்டும்.

நான் பாடகி இல்லை. இங்கே குரலிசை மாணவர்களுக்குத் தேர்விலும் ஆடிஷனிலும் பியானோ வாசிப்பவள். அந்த இடத்திலிருந்து பார்த்ததை வைத்துச் சொல்கிறேன்.

ஓபரா என்பது பாடியே நடிக்கும் நாடகம். அதில் மைக் கிடையாது. பெரிய வாத்தியக் குழுவான ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி கடைசி வரிசை வரைக்கும் குரல் போய்ச் சேர வேண்டும். கத்தினால் அது நடக்காது. ஆர்கெஸ்ட்ராவின் ஒலி வலு 500 ஹெர்ட்ஸை ஒட்டி அதிகம், மேலே போகப் போகக் குறையும். பயிற்சி பெற்ற பாடகர்கள், முக்கியமாக ஆண்களும் தாழ்ந்த பெண் குரல்களும், 3000 ஹெர்ட்ஸ் பக்கம் தங்கள் ஒலியைத் திரட்டுகிறார்கள். சொப்ரானோ உச்சத்தில் பாடும்போது வழி வேறு: தாடையை இறக்கி, வாயின் அதிர்வை அந்த ஸ்வரத்தோடு பொருத்திக்கொள்வாள். உச்சத்தில் சொற்கள் தெளிவாகக் கேட்காததற்கு இதுதான் காரணம். உடம்பு இதற்குப் பழக வருடக்கணக்காகும்.

இங்கே பல பிள்ளைகள் முதல் வருடமே இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'ஓ மியோ பாபினோ காரோ'வைப் பாட வேண்டும் என்று கேட்கிறார்கள். 1918-ல் மேடையேறிய 'ஜியானி ஸ்கிக்கி' ஓபராவில் வரும் பாட்டு. அதன் உச்ச ஸ்வரமான ஏ ஃபிளாட்டை 15 வயதிலும் தொட்டுவிடலாம். தொடும்போது தாடை இறுகுவதும் கழுத்து நரம்பு புடைப்பதும் பியானோ பக்கம் உட்கார்ந்திருக்கும் எனக்கு நன்றாகத் தெரியும். நல்ல ஆசிரியர் அங்கேயே நிறுத்தி, உதட்டை 'ப்ர்ர்ர்' என்று அதிரவிட்டு அதே வரியைப் பாடச் சொல்வார், அப்புறம் பாட்டையே மூடிவைத்துவிட்டு வக்காயின் பயிற்சிப் புத்தகத்துக்குப் போவார். உங்கள் மகளின் ஆசிரியர் அப்படிச் செய்தால் அவரை விட்டுவிடாதீர்கள்.

கர்நாடகக் கணக்கில் சொன்னால் தூரம் புரியும். 5 கட்டை சுருதியில் பாடுகிறவள் மேல் ஸட்ஜத்தையும் தாண்டி இன்னொரு ஸ்தாயி ஏறி, அங்கே சுத்த மத்யமத்தைப் பிடித்தால் அதுதான் சொப்ரானோவின் உச்ச 'சி'. மோட்சார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவில் வரும் இரவின் ராணிக்கு அதற்கும் மேலே போக வேண்டியிருக்கிறது.

சரி, மொழிக்கு வருவோம். இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு மூன்றும் கட்டாயம். இதில் தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு அனுகூலம் உண்டு, அதை யாரும் அவளிடம் சொல்வதில்லை. இத்தாலிய 't' நம்முடைய 'த்த' போலப் பல்லில் பட்டு, காற்றுத் தெறிக்காமல் வரும். 'நோத்தே', 'பெல்லா' என்று இரட்டிக்கும் மெய்கள், 'அதை' வேறு 'அத்தை' வேறு என்று வளர்ந்த காதுக்குப் புதிதே இல்லை. ஆங்கிலம் மட்டுமே பேசி வளர்ந்தவர்கள் இதற்கு மிகவும் சிரமப்படுவதைப் பார்க்கிறேன். மலாயின் அ, இ, உ உயிர்களும் கைகொடுக்கும். ஜெர்மனில் உதட்டைக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்வது போன்ற ஒலிகளுக்குத்தான் உழைக்க வேண்டும். கோயத்தே இன்ஸ்டிட்யூட்டும் அலியான்ஸ் பிரான்சேஸும் கோலாலம்பூரிலேயே இருக்கின்றன. எஸ்.பி.எம். (படிவம் 5 தேர்வு) முடியும்வரை தள்ளிப்போடாதீர்கள்.

காதால் கேட்டுப் பிடிக்கும் திறமை அவளிடம் ஏற்கனவே இருக்கும். ஆனால் முழு ஓபராவையும் நோட்டைப் பார்த்துத் தனியாகக் கற்று, மனப்பாடம் செய்துகொண்டுதான் ஒத்திகைக்குப் போக வேண்டும். அதற்குப் பியானோ ஓரளவாவது வாசிக்கத் தெரிய வேண்டும்.

வெளிநாட்டுப் பாதை பொதுவாக இப்படி: இசைக்கல்லூரியில் பட்டம், முதுகலை, பிறகு ஓர் ஓபரா இல்லத்தின் இளம் கலைஞர் திட்டம். அப்போதே வயது முப்பதை நெருங்கிவிடும். தென்கொரிய சொப்ரானோ சுமி ஜோ 1983-ல் ரோம் போனார், 1986-ல் ட்ரீஸ்ட்டில் 'ரிகொலெட்டோ' ஓபராவின் ஜில்டா வேடத்தில் மேடையேறினார். அது அபூர்வம். மெல்போர்னில் இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த டேனியல் டி நீஸ் 19 வயதில் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா இல்லத்தில் பாடினார், ஆனால் கிடைத்தது பார்பரினா என்ற சின்ன வேடம். பெரிதாகப் பெயர் வாங்கித் தந்த கிளியோபாட்ரா வேடம் 2005-ல்தான் வந்தது. மும்பையில் பிறந்து லண்டனில் படித்த சொப்ரானோ பட்ரிசியா ரொசாரியோவைக் கட்டாயம் கேட்கச் சொல்லுங்கள்.

வேலை என்று பார்த்தால், ஆண்டு முழுதும் சம்பளத்துக்குப் பாடகர்களை வைத்திருக்கும் ஓபரா இல்லம் மலேசியாவில் இல்லை. ஜெர்மனியில் ஏறக்குறைய 80 இருக்கின்றன. அங்கே மாதச் சம்பளத்தில் நிரந்தரக் குழுவில் சேரலாம். விருந்தினராகப் பாடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் நிகழ்ச்சிக்கு இவ்வளவு என்றுதான் பணம். தொண்டை கட்டிக்கொண்டால் அன்றைய வருமானம் போய்விடும். ஆடிஷனுக்குப் பொதுவாக ஐந்து பாட்டுகளுடன் போக வேண்டும், விமானச் செலவு நம்முடையது. கல்லூரிக் கட்டணத்துக்கு மட்டும் பணம் சேர்த்தால் போதாது, படிப்பு முடிந்து வரும் நாலைந்து வருடங்களுக்கும் கையிருப்பு வேண்டும். இதை அவளிடமும் இப்போதே பேசிவிடுங்கள். தெரிந்துகொண்டும் ஆசைப்படுகிற பிள்ளையை நான் மதிக்கிறேன்.

கர்நாடக வகுப்பை நிறுத்த வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். தாளமும் ஞாபக சக்தியும் அங்கிருந்து வருகின்றன. இரண்டு வகுப்பையும் ஒரே நாளில் வைக்காதீர்கள், ஒன்றைப் பற்றி மற்ற ஆசிரியருக்குச் சொல்லிவிடுங்கள். குரல் கரகரப்பு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பாட்டை நிறுத்திவிட்டு, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போய்க் குரல்நாண்களைக் கேமரா வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.