வளைந்த மூலையும் ஜன்னல் ஓரமும்: டைல்ஸ் சந்தேகங்கள்

கேள்வி: எங்கள் சமையலறையில் ஒரு சுவர் மூலை வெளிப்பக்கமாக வளைந்து திரும்புகிறது. அதில் இரண்டடிக்கு ஓரடி டைல்ஸை மூன்றாக அறுத்து ஒட்டினார்கள். தட்டினால் ‘டொக் டொக்’ என்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: பெயர்த்துவிடுங்கள். மேலே குரோவுட் (டைல்ஸ் இடுக்கை நிரப்பும் பொடிக் கலவை) அடைத்து ஒப்பேற்ற முடியாது. வளைவில் தட்டையான துண்டின் நடுப்பகுதிதான் உட்காரும், ஓரங்கள் அந்தரத்தில் நிற்கும். சுவர் சரியாக 90 டிகிரி திரும்பினால், வளைவை டேப்பால் அளந்து 1.57-ஆல் வகுங்கள், ஆரம் கிடைக்கும். வளைவு 47 செ.மீ. என்றால் ஆரம் 30. அதில் 10 செ.மீ. பட்டையின் ஓரம் 4 மி.மீ. விலகும். 5 செ.மீ. பட்டை 1 மி.மீ.தான் விலகும், அதை டைல்ஸ் பசை நிரப்பிவிடும்.

ஆகவே நீளவாக்கில் 5 செ.மீ. பட்டைகளாக அறுக்கச் சொல்லுங்கள். பிளேடு தின்பது போக ஒரு டைல்ஸில் 5 பட்டைதான் தேறும். இந்த வளைவுக்கு ஒரு வரிசைக்கு 9 வேண்டும். நாலடி உயரத்துக்கு 4 டைல்ஸ், உடைசலுக்கு ஒன்று கூடுதல்.

பலரும் கோட்டை விடுவது பட்டைகளின் இடைவெளியில். 8 மி.மீ. கனமுள்ள பட்டைகளைச் சுவரைத் தொடும் பக்கம் ஒன்றுக்கொன்று 2 மி.மீ. விட்டு வைத்தால், வெளியே தெரியும் முகத்தில் அது 3-க்குச் சற்று மேல் விரியும். பக்கத்துச் சுவர் டைல்ஸின் 3 மி.மீ. இடைவெளிக் கோட்டோடு ஒத்துப்போகும். உள்வளைவில் முகம் நெருங்கும், அங்கே 4 விட வேண்டும்.

ஒட்டுமுன் பிளைவுட்டில் வளைவை வெட்டி, சுவரில் மேலிருந்து கீழாக ஓட்டிப் பாருங்கள். 2 மி.மீ.க்கு மேல் பள்ளம் இருந்தால் பூச்சில்தான் சரிசெய்ய வேண்டும், பசையைத் தடிமனாக அப்பி அல்ல.

கேள்வி: குளியலறை ஜன்னலின் உள்பக்க ஓரங்களில் டைல்ஸ் விளிம்பு சிதறுகிறது, அடிப்பகுதியில் தண்ணீர் தேங்குகிறது.
- வாசகர், திண்டுக்கல்

பதில்: சாதாரண செராமிக் டைல்ஸின் விளிம்பை 45 டிகிரியில் தேய்த்திருப்பார்கள். மேல்பூச்சுக்கு அடியில் தாங்கல் போய்விடுவதால் அது சில்லு சில்லாக உதிரும். விட்ரிஃபைடு (அதைவிடக் கெட்டியான டைல்ஸ்) தாங்கும், அதிலும் கத்திமுனையாகத் தேய்க்காமல் விளிம்பில் 1 மி.மீ. கனம் விட வேண்டும். செராமிக்குக்கு பீடிங்தான் (விளிம்பை மூடும் பட்டை) நல்லது. அடிப்பலகை அறைப்பக்கம் சரிய வேண்டும்: 15 செ.மீ. ஆழத்துக்கு 3 மி.மீ. அது சுவர் டைல்ஸின் மேல்விளிம்பை மூடியும், பக்கத் துண்டுகள் அதன்மேல் நின்றும் இருக்க வேண்டும். இந்த வரிசை மாறினால் தண்ணீர் பின்னால் இறங்கும். ஜன்னல் மூலையில் ‘ட’ வடிவ வெட்டுக்கு, உள்மூலையில் முதலில் 6 மி.மீ. துளை போட்டு அறுக்கட்டும். இல்லாவிட்டால் விரிசல் அங்கிருந்துதான் ஓடும். சட்டத்தை ஒட்டி குரோவுட் வேண்டாம், 5 மி.மீ. சிலிகான்.